வேற்றுலக அறிவைத் தேட டர்பனிலிருந்து மூன்று வழிகள்: எதில் கை வைப்பது?

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட் என்று எந்த ஊரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தமிழ்ச் சங்கம், சனிக்கிழமை வகுப்பு, மேல்வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு மடிக்கணினி, சில ஆயிரம் ராண்ட், ஒரு வருட அவகாசம். பூமிக்கு வெளியே அறிவுள்ள உயிர் உண்டா என்ற கேள்வியைப் பேச்சுப்போட்டித் தலைப்போடு நிறுத்திவிடாமல் பிள்ளைகளே அளந்து பார்க்க வேண்டும் என்றால் எதில் இறங்குவது?

நடைமுறைக்கு ஒத்துவருபவை மூன்று. பெரிய வானொலித் தொலைநோக்கிகள் பதிவு செய்து பொதுவில் வைத்திருக்கும் கோப்புகளை அலசலாம். சொந்தமாக ஒரு கூம்பு அலைவாங்கி செய்து விண்வெளி ஹைட்ரஜனின் 21 செ.மீ. அலையை (1,420 மெகாஹெர்ட்ஸ்) பிடிக்கலாம். சிறு தொலைநோக்கியை வைத்து, வேற்று விண்மீன்களின் முன்னால் அவற்றின் கோள்கள் கடந்து போவதை அளக்கலாம். தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறோம்: தேடலுக்கு முதலாவது, கைப்பழக்கத்துக்கு இரண்டாவது, இரண்டையும் சேர்த்தே எடுங்கள். மூன்றாவது, வானத்தோடு சேர்ந்து தொலைநோக்கியைத் திருப்பும் நல்ல சுழல்தாங்கி ஏற்கெனவே வைத்திருப்பவர் சங்கத்தில் இருந்தால் மட்டும்.

ஒப்பிடுவதற்கு எங்களுக்கு அளவுகோல் ஒன்றுதான். வருடக் கடைசியில் ஒன்றும் சிக்கவில்லை என்றால் (சிக்காது என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள்) அந்த வெறுங்கைக்கு ஒரு எண் போட முடியுமா? முடியும் என்றால் அது தேடல். முடியாது என்றால் நல்ல பயிற்சி, அவ்வளவுதான். பயிற்சியும் வேண்டியதுதான், ஆனால் ஒன்றை மற்றதென்று சொல்லி நன்கொடை கேட்கக் கூடாது.

எந்த எண் தெரியாமல் இருக்கிறது?

1961-ல் அமெரிக்காவின் கிரீன் பேங்க் வானொலி ஆய்வகத்தில் நடந்த சிறு கூட்டத்துக்காக வானியலாளர் ஃபிராங்க் ட்ரேக் எழுதிய சமன்பாடு ஏழு எண்களின் பெருக்கல். ஆண்டுக்கு எத்தனை விண்மீன்கள் பிறக்கின்றன, அவற்றில் எத்தனைக்குக் கோள்கள் உண்டு, ஒரு குடும்பத்தில் உயிருக்கு ஏற்ற கோள்கள் எத்தனை, அவற்றில் உயிர் தோன்றும் பங்கு, அது அறிவாக வளரும் பங்கு, அந்த அறிவு சைகை அனுப்பும் பங்கு, கடைசியாக எத்தனை ஆண்டு அனுப்பிக்கொண்டிருக்கும். அன்று அந்தக் கூட்டத்தில் வந்த விடை, நம் பால்வெளியில் மட்டும் ஆயிரத்திலிருந்து பத்துக் கோடி வரை.

முதல் மூன்று எண்கள் இன்று கைக்குள் வந்துவிட்டன. உறுதி செய்யப்பட்ட புறக்கோள்கள் (வேற்று விண்மீன்களைச் சுற்றுபவை) 6,000-ஐத் தாண்டிவிட்டன. 2009 முதல் 2018 வரை இயங்கிய கெப்ளர் விண்கலத்தின் தரவை வைத்து 2020-ல் வந்த கணக்கு, சூரியன் போன்ற விண்மீன் ஒன்றுக்கு உயிர்வாழ் வட்டத்தில் (தண்ணீர் திரவமாக நிற்கக்கூடிய தொலைவில்) பாறைக்கோள்கள் சராசரியாக 0.37 முதல் 0.60 வரை இருக்கலாம் என்கிறது. வட்டத்தைத் தாராளமாக எடுத்தால் இன்னும் கூடும். இடத்துக்குப் பஞ்சமில்லை.

சிக்கல் நான்காவது எண்ணிலும் ஐந்தாவதிலும்தான். நம் கையில் இருப்பது ஒரே ஒரு எடுத்துக்காட்டு, பூமி. இங்கே உயிர் சீக்கிரம் வந்துவிட்டது. அதற்குச் சாட்சி வெகுதூரத்தில் இல்லை. ம்புமலாங்காவில் பார்பர்டன் மலைத்தொடரின் 320 முதல் 360 கோடி ஆண்டுப் பழமையான பாறைகளில் நுண்ணுயிர்த் தடயங்கள் இருக்கின்றன. 2018-ல் அந்த மலை உலகப் பாரம்பரியச் சின்னமானது. சீக்கிரம் வந்தது என்றால் எளிதில் வரும் என்று மனம் சொல்லும். ஆனால் அறிவு வர அதற்கு மேல் முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் அதிகமாகப் பிடித்தது, சூரியன் இன்னும் சுமார் நூறு கோடி ஆண்டில் பூமியைக் காயவைத்துவிடும். கெடு முடியும் நேரத்தில் வந்து சேர்ந்த ஒன்றை எளிது என்று எப்படிச் சொல்வது? 1983-ல் இயற்பியலாளர் பிராண்டன் கார்ட்டர் எழுப்பிய இந்த வாதம் இன்றும் விவாதத்தில் இருக்கிறது.

2018-ல் ஆண்டர்ஸ் சாண்ட்பெர்க், எரிக் ட்ரெக்ஸ்லர், டோபி ஆர்ட் மூவரும் இன்னொரு கோளாறைக் காட்டினார்கள். ஏழு எண்களுக்கும் ஒவ்வொரு மதிப்பாகப் போட்டுப் பெருக்கினால் பெரிய விடை வரும். ஒவ்வொன்றுக்கும் உள்ள ஐயத்தின் முழு அகலத்தையும் வைத்துப் பெருக்கினால், பால்வெளியில் நாம் தனியாக இருக்கும் நிகழ்தகவு 53 முதல் 99.6 சதவீதம் வரை, நமக்குத் தெரியும் பிரபஞ்சம் முழுவதிலும் தனியாக இருக்கும் நிகழ்தகவு 39 முதல் 85 சதவீதம் வரை வருகிறது. சராசரியை மட்டும் பார்த்துப் 'பத்தாயிரம் நாகரிகங்கள்' என்று எழுதும் கட்டுரைகளை இனிமேல் ஒரு சிட்டிகை உப்போடுகூடத் தொட வேண்டாம் என்பது எங்கள் கட்சி.

ஆக, எந்த வழியை எடுத்தாலும் அது எந்த எண்ணைத் தொடுகிறது என்று கேளுங்கள். கோள் கடப்பு இரண்டாவது எண்ணைத் தொடுகிறது, அது ஏற்கெனவே தெரிந்தது. கோப்பு அலசல் எல்லா எண்களும் பெருகி வந்த கடைசி விடையையே நேராகச் சோதிக்கிறது. கூம்பு அலைவாங்கி எதைத் தொடுகிறது என்பதைப் பின்னால் கணக்குப் போட்டே பார்ப்போம்.

கோப்பு அலசல்

வேற்றுலகச் சைகைகளைத் தேட 2015-ல் அறிவிக்கப்பட்ட பிரேக்த்ரூ லிசன் திட்டம், கிரீன் பேங்கின் 100 மீட்டர் தொலைநோக்கியிலும் ஆஸ்திரேலியாவின் 64 மீட்டர் பார்க்ஸ் தொலைநோக்கியிலும் எடுத்த பதிவுகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. 2022 டிசம்பரிலிருந்து நம் வடக்கு கேப்பில், கார்னார்வனிலிருந்து சுமார் 90 கிலோமீட்டரில் உள்ள மீர்கேட் வானொலித் தொலைநோக்கியிலும் அதன் கருவி ஓடுகிறது. 13.5 மீட்டர் அகலத்தில் 64 கிண்ணங்கள். மற்ற ஆய்வாளர்கள் எதைப் பார்த்தாலும் அதே நேரத்தில் அதே திசையில் உள்ள விண்மீன்களையும் சேர்த்துக் கேட்கும் ஏற்பாடு. இலக்கு பத்து லட்சம் விண்மீன்கள்.

தேடும் முறையை முதலில் பிள்ளைகளுக்குப் பலகையில் வரைந்து காட்டுங்கள். ஒரு விண்மீனை 5 நிமிடம் பார்ப்பது, பிறகு 5 நிமிடம் வேறு பக்கம், மறுபடி விண்மீன், மறுபடி வேறு பக்கம் என்று ஆறு பார்வைகள். விண்மீனைப் பார்த்த மூன்றிலும் இருந்து, விலகிய மூன்றிலும் இல்லாத ஒடுங்கிய சைகை மட்டுமே அடுத்த கட்டத்துக்குப் போகும். அதோடு அதிர்வெண் மெதுவாக நகர வேண்டும். பூமி சுழல்வதால் நம் அலைவாங்கி வேகம் மாறிக்கொண்டே இருக்கிறது; 1,420 மெகாஹெர்ட்ஸில் அது நொடிக்கு 0.1 ஹெர்ட்ஸ் அளவுக்குச் சைகையை இழுக்கும். கொஞ்சமும் நகராத சைகை நம்மோடு சேர்ந்து சுழல்வது, அதாவது தரையில் இருப்பது.

தொடங்க வேண்டிய இடம் வாயேஜர் 1 கோப்பு. கிரீன் பேங்க் பதிவு செய்த அந்த விண்கலத்தின் சைகையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, சுமார் 50 எம்பி அளவில் பயிற்சிக்கென்றே வைத்திருக்கிறார்கள். பைத்தான் நிறுவி, பிளிம்பி என்ற தொகுப்பில் அந்தக் கோப்பைத் திறந்தால் 8.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் நடுவே ஒரு கூர்முனையும் இரு புறமும் ஒவ்வொரு பக்கப்பட்டையும் தெரியும். சூரியக் குடும்பத்தின் எல்லையிலிருந்து இருபத்துச் சொச்சம் வாட் சக்தியில் வந்தது அது. அடுத்து டர்போசெட்டி என்ற நிரலை அதே கோப்பின்மேல் ஓட்டி, அந்த மூன்றையும் அது தானே கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள். கண்டுபிடிக்கவில்லை என்றால் நிறுவலில் பிழை. விண்டோஸ் கணினியில் நேராக நிறுவ முயன்றால், இந்தக் கோப்புகளைப் படிக்கும் எச்டிஎஃப்5 நூலகங்கள் பெரும்பாலும் தகராறு செய்யும். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் வசதியைப் போட்டுக்கொண்டு அதில் செய்வது மேல்.

உண்மையான தேடல் கோப்புகள் வேறு அளவு. 1.1 முதல் 1.9 கிகாஹெர்ட்ஸ் வரை, 2.8 ஹெர்ட்ஸ் பிரிப்பில், ஒரு 5 நிமிடப் பார்வைக்கே சுமார் 20 ஜிபி. ஆறும் சேர்ந்தால் 100 ஜிபி தாண்டும். கைப்பேசி டேட்டாவில் இதை இறக்கினால் சங்கத்தின் வருடாந்திரச் சந்தா ஒரே வாரத்தில் கரைந்துவிடும். ஃபைபர் இணைப்புள்ள வீட்டில் இரவில் இறக்கி, வெளி வட்டில் கொண்டுவாருங்கள். 16 ஜிபி நினைவகம் உள்ள கணினி போதும், ஆனால் அலைவரிசையைத் துண்டு துண்டாகத்தான் ஓட்ட வேண்டும்.

என்னவெல்லாம் தவறும்? ஒவ்வொரு பெரிய அலைத்துண்டின் நடுவிலும் கருவியே போடும் ஒரு பொய்க் கூர்முனை இருக்கும். அதை நீக்கும் தேர்வை மறந்தால் ஆயிரக்கணக்கில் 'சைகைகள்' வரும். 1,575 மெகாஹெர்ட்ஸைச் சுற்றி ஜிபிஎஸ், 1,616-க்கு மேல் இரிடியம் செயற்கைக்கோள்கள், இவற்றை ஒதுக்கிவிட வேண்டும். இன்னொன்று நுட்பமானது: விலகிய பார்வையில் சைகை இல்லை என்று நிரல் சொன்னாலும், அது வரம்புக்குச் சற்றுக் கீழே மங்கலாக இருந்துகொண்டிருக்கலாம். அதனால் நிரல் தேர்ந்தெடுத்த ஒவ்வொன்றையும் ஆறு படங்களாக அச்சிட்டு, இரண்டு பேர் தனித்தனியே பார்க்க வேண்டும். இந்த இடத்தில்தான் பன்னிரண்டு பிள்ளைகள் இருப்பது வரமாகிறது.

இதில் உலகமே சறுக்கப் பார்த்த ஒரு கதை உண்டு. 2019 ஏப்ரலில் பார்க்ஸ், நமக்கு மிக அருகில் உள்ள விண்மீனான பிராக்ஸிமா செந்தாரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது 982.002 மெகாஹெர்ட்ஸில் ஒரு சைகை பதிவானது. பயிற்சிக்கு வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர் அடுத்த ஆண்டு கோப்புகளை அலசும்போது அதைக் கவனித்தார். விண்மீனைப் பார்க்கும்போது மட்டும் இருந்தது, நகர்ந்தது, எல்லாச் சல்லடையிலும் தேறியது. பிஎல்சி1 என்று பெயரும் வைத்தாயிற்று. 2021-ல் வந்த முடிவு: அதே சாயலில் வேறு அதிர்வெண்களிலும் பல சைகைகள் அதே பதிவுகளில் கிடந்தன, அவை மின்னணுக் கருவிகளின் கடிகார அலைகளோடு பொருந்தின. இங்கே பூமியில் எழுந்த இரைச்சல்தான். விண்மீனைப் பார்க்கும்போது மட்டும் அது இருந்தது தற்செயல்.

இப்போது வெறுங்கைக்கு எண் போடுவோம். பிரேக்த்ரூ லிசன் 2020-ல் வெளியிட்ட முடிவில் 1,327 விண்மீன்கள் பார்க்கப்பட்டன, ஒன்றிலும் சைகை இல்லை. n தடவை பார்த்து ஒன்றும் இல்லை என்றால், உண்மைப் பங்கு 95 சதவீத உறுதியோடு 3/n-க்குக் கீழே என்பது புள்ளியியலில் பழைய விதி. 3-ஐ 1,327-ஆல் வகுத்தால் 0.23 சதவீதம். அதாவது, அந்த அலைவரிசையில், நம்மை நோக்கி இடைவிடாமல், போர்ட்டோ ரிக்கோவில் முன்பிருந்த அரேசிபோ ராடாரின் வீச்சுக்கு நிகராக, குவிந்த திசையில் சுமார் 20 லட்சம் கோடி வாட்டுக்குச் சமமாக அனுப்பிக்கொண்டிருக்கும் விண்மீன்கள் அக்கம்பக்கத்தில் 440-ல் ஒன்றுக்கும் குறைவு. நிபந்தனைகள் எத்தனை என்று பாருங்கள். 'யாரும் இல்லை' என்பது இதிலிருந்து வராது. ஆனால் ஒரு எண் வந்தது, அதைப் பிள்ளைகள் தாங்களே போட்டார்கள்.

கணினி பக்கம் ஒதுங்காத பிள்ளைகளுக்கு ஒரு வாசல்: கலிஃபோர்னியாவின் யூசிஎல்ஏ குழு, ஜூனிவர்ஸ் தளத்தில் இதே வகைப் படங்களைப் பொதுமக்கள் வகைப்படுத்தும்படி வைத்திருக்கிறது. கைப்பேசியே போதும். வீட்டுக் கணினிகளில் தேடல் ஓட்டிய பழைய செட்டி@ஹோம் நிரலைத் தேடி அலைய வேண்டாம், 2020 மார்ச்சோடு அது வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது.

கூம்பு அலைவாங்கி

இதில் டர்பனுக்கு ஒரு சலுகை இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஊர் 29.9 பாகை தெற்கு அட்சரேகையில் இருக்கிறது. பால்வெளியின் மையம் வானில் 29.0 பாகை தெற்கில். ஆகவே மையம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய நேர் உச்சியில் கடந்து போகிறது. ஜூன் நடுவில் நள்ளிரவு, ஜூலை நடுவில் இரவு 10 மணி, ஆகஸ்ட் நடுவில் 8 மணி. கூம்பை மொட்டைமாடியில் நேர் மேலே பார்க்க நிறுத்திவிட்டால் போதும். தாங்கி வேண்டாம், மோட்டார் வேண்டாம், பூமியே திருப்பிக் காட்டும். பிப்ரவரி நடுவில் இரவு 10 மணிவாக்கில் பால்வெளியின் வெளிப்பக்கத்தில் உள்ள பப்பிஸ் விண்மீன்குழுப் பகுதி அதே உச்சிக்கு வரும்.

இன்னொரு சலுகை மேகம். கோடை முழுக்க டர்பன் வானம் மூடியே கிடக்கும், 21 செ.மீ. அலைக்கு மேகம் ஒரு பொருட்டே அல்ல, பகலும் பொருட்டல்ல. ஆடி மாதம் கோயில்களில் கூழ் ஊற்றும் வார இறுதிகளில் பிள்ளைகள் யாரும் கையில் சிக்க மாட்டார்கள். ஆளில்லாமலே கருவி பதிவு செய்துகொண்டிருக்கும்.

அடிப்பகுதிக்கு 5 லிட்டர் பெயிண்ட் தின்னர் வரும் செவ்வகத் தகரடப்பா. அகலம் 16.5 செ.மீ., கனம் 10 செ.மீ. அளவில் இருப்பதைப் பாருங்கள். வட்ட டப்பா என்றால் உள்விட்டம் 15 முதல் 16 செ.மீ.; அதற்கு மேல் போனால் வேண்டாத அலைமுறையும் உள்ளே நுழையும். செவ்வக டப்பாவின் அகன்ற முகத்தின் நடுக்கோட்டில், மூடிய அடிப்பக்கத்திலிருந்து 6.9 செ.மீ. தள்ளி ஒரு துளை. அதில் எஸ்எம்ஏ எனும் சிறு வயர் இணைப்பி, அதன் நடு ஊசியில் பற்றவைத்த செப்புக் கம்பி உள்ளே நிற்க வேண்டும். கம்பியை 5.5 செ.மீ. நீளத்தில் தொடங்கி, நானோவிஎன்ஏ என்ற சிறு அளவுகருவி இருந்தால் 1,420 மெகாஹெர்ட்ஸில் திரும்பி வரும் சக்தி மைனஸ் 10 டெசிபெல்லுக்கும் கீழே இறங்கும்வரை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நறுக்குங்கள். பொதுவாக 5.2 பக்கத்தில் நிற்கும்.

டப்பாவின் திறந்த வாயிலிருந்து கூம்பு விரிய வேண்டும்: வாய் 75-க்கு 60 செ.மீ., சரிவு நீளம் சுமார் 90 செ.மீ. டப்பாவின் அகன்ற பக்கம் 75 செ.மீ. பக்கத்தோடு சேர வேண்டும், மாற்றிவிடாதீர்கள். கூரைக்கு அடிக்கும் அலுமினியத் தாள் ஒட்டிய காப்புப் பலகை இதற்குப் போதும். மூலைகளில் அலுமினிய நாடா ஒட்டும்போது பசை மின்சாரத்தைத் தடுக்கும். தாளும் தாளும் நேராகத் தொடும்படி ஓரத்தை மடித்துவிட்டு அதன்மேல் நாடா போடுங்கள். டப்பாவின் உள்பூச்சையும் கூம்பு தொடும் விளிம்பில் உப்புத்தாள் போட்டுச் சுரண்டிவிட வேண்டும். பாதிக் கூம்புகள் இந்த இடத்தில்தான் சொதப்பும். முடித்தால் பார்வை அகலம் சுமார் 20 பாகை.

மின்னணுப் பக்கம் இரண்டே பொருள்கள். 1,420-க்கென்றே வடிகட்டியோடு வரும் குறையிரைச்சல் பெருக்கி ஒன்று, கணினியில் செருகும் சிறு வானொலி வாங்கியான ஆர்டிஎல்-எஸ்டிஆர் ஒன்று. இரண்டும் தலா 40 டாலரைச் சுற்றி வரும். தபால் செலவும் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் சேர்த்து இரண்டாயிரம் ராண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கி கூம்பின் இணைப்பியிலேயே உட்கார வேண்டும். முதலில் பத்து மீட்டர் வயர் இழுத்துவிட்டு அறைக்குள் பெருக்கியை வைத்தால், வயர் தின்றது தின்றதுதான். பெருக்கிக்கு மின்சாரம் அதே வயர் வழியாக எஸ்டிஆர் கொடுக்கும், மென்பொருளில் அந்த வசதியை இயக்க மறப்பதே 'ஒன்றுமே வரவில்லை' என்ற புகாருக்கு முதல் காரணம்.

சோதனை: கூம்பை உச்சிக்குத் திருப்பி ஒரு அளவு, தரைக்குத் திருப்பி ஒரு அளவு. தரை அளவு 4 டெசிபெல் கூடுதலாக இருந்தால் கருவியின் சொந்த இரைச்சல் 180 கெல்வின் பக்கத்தில், வீட்டில் செய்ததற்கு நல்ல தேர்ச்சி. 1 டெசிபெல்லும் தேறவில்லை என்றால் பற்றவைப்பைப் பாருங்கள். பிறகு வானப் பதிவைத் தரைப் பதிவால் வகுத்து, ஐந்து ஐந்து நிமிடமாகச் சராசரி எடுங்கள். 1,420.4 பக்கத்தில் மேடு எழும். 4.74 கிலோஹெர்ட்ஸ் நகர்வு என்றால் நொடிக்கு 1 கிலோமீட்டர் வேகம். மையத்தின் திசையில் மேடு பெரும்பாலும் இடம் மாறாது, அங்கே வாயு நமக்குக் குறுக்காகப் போகிறது. பப்பிஸ் திசையில் விலகிப் போகும் வாயுவால் கீழ்ப்பக்கம் நகர்ந்து நிற்கும். பூமி சூரியனைச் சுற்றும் 30 கிலோமீட்டர் வேகத்தைக் கழிக்காமல் எந்த வேகத்தையும் எழுதிவைக்காதீர்கள்.

1,400 முதல் 1,427 மெகாஹெர்ட்ஸ் வரை உலகம் முழுக்க யாரும் ஒலிபரப்பக் கூடாது. ஆனாலும் மலிவான எல்இடி விளக்கும் மடிக்கணினியின் யுஎஸ்பி வயரும் அந்தச் சட்டத்தைப் படித்ததில்லை. யுஎஸ்பி நீட்டிப்பு வயர்களில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள். லோட்ஷெடிங் என்ற மின்வெட்டு வந்தால் தெரு அமைதியாகும் என்று நம்ப வேண்டாம், அக்கம்பக்கத்து இன்வெர்ட்டர்கள் அப்போதுதான் கத்தத் தொடங்கும். கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக்காற்று இணைப்பிகளைச் சில மாதங்களில் பச்சையாக்கிவிடும். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால் சுற்றி, கூம்பின் வாயை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். உள்ளே தண்ணீர் நின்றால் கம்பியின் ஒத்திசைவு ஓடிப்போகும்.

இதில் வேற்றுலகச் சைகை கேட்குமா? கணக்கு இப்படி வருகிறது. 4.24 ஒளியாண்டில் உள்ள பிராக்ஸிமாவில் ஒரு அரேசிபோ ராடார் நம்மை நேராகக் குறிவைத்து அனுப்புகிறது என்று கொள்வோம். இந்தக் கூம்பில் விழும் சக்தி, ஒரு ஹெர்ட்ஸ் அகலத்தில் கருவியின் சொந்த இரைச்சலில் பத்தில் ஒரு பங்கு. மூன்று நான்கு மணி நேரம் சேர்த்துக் கூட்டினால் காகிதத்தில் சைகை தலை தூக்கும். கூம்பைத் தெற்கே 33 பாகை சாய்த்தால் பிராக்ஸிமா அந்தப் பார்வைக்குள் கிட்டத்தட்ட 3 மணி நேரம் இருக்கவும் செய்யும். ஆனால் எஸ்டிஆரின் படிகக் கடிகாரம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நழுவினாலே 1,420 ஹெர்ட்ஸ் போய்விடும். ஒரு ஹெர்ட்ஸ் கட்டத்துக்குள் மூன்று மணி நேரம் எதையும் பிடித்துவைக்க முடியாது. ஜிபிஎஸ் பூட்டிய கடிகாரம் வேண்டும், பூமிச் சுழற்சி இழுப்பதையும் நிரல் திருத்த வேண்டும். 100 ஒளியாண்டு தள்ளிப்போனால் சைகை இன்னும் 550 மடங்கு மங்கல். மீர்கேட்டின் மொத்தக் கிண்ணப்பரப்பு இந்த வாயைவிட 20,000 மடங்கு.

ஆகவே கூம்பின் வெறுங்கைக்கு எண் போடலாம், அது அற்பமான எண். ஆனால் இரைச்சல், நகர்வு, வரம்பு என்று கோப்பு அலசலில் திரையில் மட்டும் பார்த்த சொற்களெல்லாம் இங்கே கைக்குள் வருகின்றன. கூம்பு கட்டிய பிள்ளை பிஎல்சி1 எப்படி ஏமாற்றியது என்பதை ஒரே வாக்கியத்தில் புரிந்துகொள்ளும்.

கோள் கடப்பு

நம் நாட்டுப் பெருமை இதில் அதிகம். வடக்கு கேப்பின் சதர்லாந்து வான் ஆய்வகத்தில் நின்ற, கோள் தேடும் வாஸ்ப் தெற்குக் கேமராக்கள்தான் 2009-ல் வாஸ்ப்-18பி-ஐ அறிவித்தன. 22.6 மணி நேரத்தில் தன் விண்மீனைச் சுற்றிவிடும் ராட்சதக் கோள். கடக்கும்போது விண்மீனின் ஒளி 1 சதவீதம் குறையும், 2.2 மணி நேரம் நீடிக்கும். பூமி போன்ற கோள் சூரியன் போன்ற விண்மீனைக் கடந்தால் குறைவது 0.0084 சதவீதம். தரையிலிருந்து எந்தச் சிறு தொலைநோக்கிக்கும் அது எட்டாது. எனவே இதில் பார்ப்பதெல்லாம் கொதிக்கும் ராட்சதர்களை, அங்கே யாரும் குடியிருக்க மாட்டார்கள்.

200 மி.மீ. தொலைநோக்கி, நிலநடுக்கோட்டுச் சுழல்தாங்கி, குளிரூட்டிய கேமரா என்று புதிதாக வாங்கினால் பல பத்தாயிரம் ராண்ட். சீஸ்டார் போன்ற சிறு தானியங்கித் தொலைநோக்கியில் ஆழமான கடப்புகளை எடுத்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் 50 மி.மீ. கண்ணாடியில் 1 சதவீதம் என்பது குருவி தலையில் பனங்காய். குவியத்தைச் சற்றுக் கலைத்து விண்மீனைப் பத்துப் பதினைந்து புள்ளிகளில் பரப்புவது, கடப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே தொடங்கி ஒரு மணி நேரம் பின்பும் தொடர்வது, அருகிலுள்ள நான்கைந்து ஒப்பீட்டு விண்மீன்களோடு வகுப்பது, கணினிக் கடிகாரத்தை இணையத்தோடு நொடிக்குள் ஒத்துவைப்பது, இவற்றில் ஒன்று தவறினாலும் வரைபடம் சாய்ந்துவிடும்.

டர்பனில் பெரிய தடை பருவம். வாஸ்ப்-18 நள்ளிரவில் உயரே நிற்பது அக்டோபரில், மழை தொடங்கும் நேரம். குளிர்காலத் தெளிந்த இரவுகளுக்கு வாஸ்ப்-17 இருக்கிறது. 28 பாகை தெற்கில் என்பதால் அதுவும் உச்சிக்கு வரும், ஒளி 1.5 சதவீதம் குறையும், ஆனால் கடப்பு 4 மணி நேரத்துக்கு மேல். முன்பின் ஒரு மணி நேரம் சேர்த்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு முழு இரவு.

ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். மூன்றிலும், வெளியே ஒருவர் உங்களிடம் கைநீட்டி வாங்கிக்கொள்ளும் தரவு இது ஒன்றுதான். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஏரியல் விண்கலத்துக்காக எக்ஸோகிளாக் திட்டம் கடப்பு நேரங்களைத் தன்னார்வலர்களிடமிருந்து சேகரிக்கிறது. சங்கத்தில் தாங்கியும் பொறுமையும் உள்ள பெரியவர் ஒருவர் இருந்தால் இதைத் தள்ளிவிடாதீர்கள். இல்லாவிட்டால் இதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

வேன் பிடித்து, இந்தத் தொலைநோக்கிகள் நிற்கும் கரூ வறள்நிலத்துக்குப் போய்வருவதை நான்காவது வழியாகச் சொல்வார்கள். டர்பனிலிருந்து கார்னார்வன் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், மீர்கேட் வளாகத்துக்குள் நினைத்தபடி நுழைய முடியாது, கைப்பேசியை அணைக்க வேண்டும், தீப்பொறி இரைச்சலால் பெட்ரோல் வண்டிக்கும் தடை. சதர்லாந்தில் பொதுமக்களுக்கான இரவு நிகழ்ச்சி உண்டு, போய் வாருங்கள். ஆனால் அது சுற்றுலா, அந்தச் செலவில் இரண்டு கூம்புகள் கட்டலாம்.

வருடத்தை எப்படிப் பிரிப்பது

ஜனவரியில் வாயேஜர் கோப்பு. தைப்பூசக் காவடி முடிந்தபின் பிப்ரவரி, மார்ச்சில் கூம்பு கட்டுங்கள். பப்பிஸ் அப்போது மாலையில் மேலே இருக்கும், முதல் சோதனைக்குத் தோது. ஈஸ்டர் மாரியம்மன் திருவிழா வாரத்தை விட்டுவிடுங்கள். மே மாதத்திலிருந்து ஆறு பார்வைக் கோப்புத் தொகுதி ஒன்றை எடுத்து, அலைவரிசையைப் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூம்பு தானாக ஓடட்டும். பின்வருடத்தில் 3/n கணக்கு, நிபந்தனைகளோடு எழுதி.

நடுவில் ஏதாவது ஒரு சைகை எல்லாச் சல்லடையிலும் தேறி நின்றால், குடும்ப வாட்ஸாப் குழுவில் போடுவதற்கு முன் நான்கு வேலைகள். மூலக் கோப்பை மாற்ற முடியாதபடி இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். அதே பதிவின் மற்ற அதிர்வெண்களில் அதன் சாயல் இருக்கிறதா என்று தேடுங்கள், பிஎல்சி1 விழுந்தது அங்கேதான். அதே விண்மீனின் வேறு நாள் பதிவு பொதுவில் இருந்தால் அதில் பாருங்கள். பிறகு கோப்பின் பெயர், அதிர்வெண், நகர்வு வேகம், நேரம் நான்கையும் எழுதி பிரேக்த்ரூ லிசன் திட்டத்தாருக்கே அனுப்புங்கள். தனித் தொலைநோக்கி ஒன்று உறுதி செய்யும்வரை வெளியில் அறிவிப்பதில்லை என்பது 1989-லிருந்து இந்தத் துறையில் எழுதிவைத்த நடைமுறை.